மாதுளைக்கு அடியில் மூன்று வாஷர்

அவையின் நடுநாயகமாக அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், பேராசிரியர் அஃப்ஷீன் அம்மையார் அவர்களே! பீளமேடு ஞாயிறு ஓவிய வட்டத்தைப் பெற்ற பிள்ளையாகப் பேணி வளர்க்கும் செயலாளர், அருமைத் தம்பி ரவிக்குமார் அவர்களே! முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் வரதராஜுலு அவர்களே! அவர்தம் துணைவியார், எங்கள் உறவில் மூத்தவர், வெங்கடம்மாள் அம்மையார் அவர்களே! தமக்கு ஒரு நாற்காலி, தாம் கொண்டுவந்த பலகாரப் போசிக்கு ஒரு நாற்காலி என்று இரண்டிரண்டாகப் பிடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! விடுதியில் மின்விசிறி ஓடாத காரணத்தால் குளிர்ந்த அரங்கம் தேடி ஒதுங்கிய மாணவச் செல்வங்களே! இவர்கள் எல்லோருக்கும் அப்பால், மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் பாதி முகம் மறைய உட்கார்ந்திருக்கும் என் இல்லத்தரசி ரங்கநாயகி அவர்களே! உங்கள் ஒவ்வொருவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் வெங்கடபதி. கணபதியில் பம்புசெட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். நானூறு அடி ஆழத்துத் தண்ணீரை மேலே ஏற்றத் தெரிந்தவன். என் தலைக்குள் எதையும் ஏற்றத் தெரியாதவன். ஆனால் மேடை என்று சொல்லிவிட்டால் விடமாட்டேன். காதுகுத்து விழாவா? பேசியிருக்கிறேன். கண் மருத்துவ முகாமா? பேசியிருக்கிறேன். கபடிப் போட்டியா, கைத்தறிக் கண்காட்சியா, கல்லூரி ஆண்டுவிழாவா? அங்கெல்லாம் பேசியிருக்கிறேன். எதுகை கிடைத்தால் போதும், மோனை கிடைத்தால் போதும், பொருள் கிடைக்காவிட்டாலும் முக்கால் மணி நேரம் முழங்குவேன்!

கைதட்டாதீங்க. தட்டினால் இன்னும் பேசுவேனுங்க.

இருபது நாளைக்கு முன்னால் தம்பி ரவிக்குமார் தொலைபேசியில் அழைத்தார். "ஏனுங்கண்ணா, இந்த மாசம் செசான்னு ஒரு ஓவியரப் பத்திப் பேசோணுமுங்க. பேசறேன்னவரு வெளியூரு போயிட்டாருங்க. நீங்க வந்து பேசிப்போடுங்க" என்றார்.

"ஆரு கண்ணு அது?"

"பிரெஞ்சுக்காரருங்க. ஆப்பிளா வரைஞ்சு தள்ளுனவருங்க."

"அவ்வளவுதானா? பேசிப்போடலாம், உடு" என்றேன். ஆப்பிளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அழகிய ஆப்பிள், அற்புத ஆப்பிள், அகிலம் போற்றும் ஆப்பிள் என்று அடுக்கினால் அரை மணி ஓடிவிடும் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் ஒரு புத்தகத்தைப் புரட்டுவோம் என்று நூலகத்தில் ஒன்றை எடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி! அந்தச் சனியனைக் கும்பிட்டுத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

யார் இந்தப் பால் செசான்? பிரான்சு நாட்டின் தெற்கே, எக்ஸ் என்னும் ஊரில், 1839ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் தொப்பி வியாபாரத்தில் தொடங்கி வங்கி முதலாளி ஆனவர். அந்தத் தகப்பனார் மகனிடம் என்ன சொல்லியிருப்பார்? நம் பீளமேட்டில், நம் கணபதியில், நம் சிங்காநல்லூரில் தகப்பன்மார் என்ன சொல்கிறோமோ அதையேதான் சொன்னார். படம் போட்டால் சோறு போடுமா? சட்டம் படி! மகனும் படித்தார். பிடிக்கவில்லை. விட்டார். பாரிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே அரசுக் கண்காட்சி ஒன்று உண்டு. அதில் படம் தொங்கினால்தான் ஓவியன் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். செசான் அனுப்பினார், திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினார், மறுபடி திருப்பினார்கள். ஏறத்தாழ இருபது வருடங்களுக்குப் பிறகு ஒரே ஒரு முறை, அதுவும் நண்பர் ஒருவரின் தயவால், ஒரு படம் உள்ளே போனது. பெரியோர்களே, எங்கள் பட்டறையில் விற்ற மோட்டார் ஒன்று திரும்பி வந்தாலே எனக்குக் காய்ச்சல் வந்து ரசஞ்சோறு சாப்பிடுவேன். இருபது வருடம் திரும்பி வந்தும் ஒரு மனிதன் மறுநாள் காலையில் தூரிகையை எடுத்திருக்கிறான்! தனியாக ஒரு கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. எனக்கு ஐம்பத்தாறு வயதில் நடந்தது நாலு வருடம் முன்கூட்டியே மணிவிழாவுக்கு மண்டபம் பார்த்ததுதான்.

என்ன வரைந்தார்? தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே மலையை எண்பது தடவைக்குக் குறையாமல் வரைந்தார் என்கிறார்கள். நாமும்தான் தினமும் மேற்கே மலையைப் பார்க்கிறோம். எதற்குப் பார்க்கிறோம்? மழை வருமா என்று பார்க்கிறோம். வராது என்று தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த மனிதர் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

எப்படி வரைந்தார்? மெதுவாக வரைந்தார். அவர் நிதானத்தைப் பார்த்தால் நம் அவிநாசி சாலையின் மாலை நேரத்து வாகனங்கள் பறப்பதாகத் தோன்றும். ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கோட்டுக்கு வெகுநேரம் காத்திருப்பாராம். பூவை வைத்து வரைந்தால் படம் முடியும் முன் பூ வாடிவிடுகிறது என்று காகிதப் பூவை வைத்துக்கொண்டார். பழத்தை வைத்தால் அது அழுகும் வரை வரைந்தார். அவர் படத்துக்கு உட்கார்ந்த கலை வணிகர் ஒருவர் தூங்கிச் சாய்ந்தபோது, "ஆப்பிள் அசையுமா?" என்று அதட்டினாராம். அந்த வணிகர் நூற்றுப்பதினைந்து தடவை வந்து உட்கார்ந்தார். கடைசியில் செசான் என்ன சொன்னார் தெரியுமா? சட்டையின் முன்பக்கம் பரவாயில்லாமல் வந்திருக்கிறது என்றார்! படத்தை முடிக்கவே இல்லை.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே என்ன இருந்தது? செசான் மேசையில் பழங்களை அடுக்கும் விதத்தை ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிவைத்திருந்தார். துணியை விரிப்பாராம், கொஞ்சம் கசக்கி விடுவாராம். பழத்தை வைப்பாராம். பழம் தான் விரும்பிய பக்கம் சாயவில்லை என்றால், அதற்கு அடியில் நாணயங்களைச் சொருகி, கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் சாய்த்து, சரியான கோணம் வரும்வரை திருத்துவாராம். பழத்துக்கு அடியில் நாணயம்! படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு வியர்த்துவிட்டது.

ஏன் வியர்த்தது? பதினோரு வருடமாக நான் மேடைக்கு மேடை சொல்லிவரும் ஒரு கதை உங்களில் பலருக்குத் தெரியும்.

ஆமாங்க, அதேதானுங்க. கடைசி வரிசையில் சரியாகச் சொன்னீர்கள். வாஷர் கதை! அதைச் சொன்னால் அரங்கம் குலுங்கும். அதைச் சொன்னால் பேச்சு களைகட்டும். அதற்காகவே என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அந்தக் கதையை ஒரே ஒரு தடவை முழுசாகச் சொல்கிறேன். இதுவரை பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

எங்கள் மகள் ஷ்ரவ்யாவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்த நேரம். முதல் பத்திரிகையை வைக்க என் துணைவியார் தம் பிறந்த ஊரான காரமடைக்கு, ரங்கநாதர் கோயிலுக்கு, மகளோடு போயிருந்தார். மதியம் பெரியவர் வரதராஜுலு அவர்களிடமிருந்து அழைப்பு. மறுநாள் விடியலில் வெளியூர் கிளம்புகிறாராம், திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். உறவில் மூத்தவருக்கு நேரில் தட்டு வைத்து அழைக்காமல் விடலாமா? விட்டால் நாளைக்கு மணவறையில் நம்மை நிமிர்ந்து பார்ப்பார்களா? என் உடன்பிறந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தட்டு எங்கே என்று வீட்டைத் துழாவினேன். மாடி அறை மேசையில் இருந்தது. பித்தளைத் தாம்பாளம், அதன்மேல் வெள்ளைத் துணி, துணியின்மேல் இரண்டு மாதுளை, இரண்டு சாத்துக்குடி, ஓர் ஆப்பிள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து! ஒற்றைப்படை! ஆகா, என் சம்சாரம் எவ்வளவு முன்யோசனைக்காரி என்று மெச்சிக்கொண்டு, வெற்றிலை பாக்கு வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பத்திரிகையையும் வைத்துத் தூக்கிவிட்டேன்.

அந்த அறையில் ஒரு மரச்சட்டத்தில் படம் ஒன்று நின்றதே, அதைப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பார்த்திருந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்? பத்தொன்பது நாளாக என் துணைவியார் அந்தப் பழங்களை வரைந்துகொண்டிருந்தார். பத்தொன்பது நாள் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

அம்பாசிடர் காரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெரியவர் இரண்டு கையாலும் வாங்கினார். பத்தொன்பது நாள் பழம் எப்படி இருக்கும்? ஆப்பிள் சுருங்கி, சாத்துக்குடி புள்ளி விழுந்து, மாதுளையின் தோல் வற்றி. ஆனால் நம் கோயம்புத்தூர் மரியாதை இருக்கிறதே! பெரியவர் ஒரு நொடி பார்த்தார். "பழம் நல்லா... கனிஞ்சிருக்குதுங்க" என்றார்.

பெரியவரே, இன்றைக்காவது சிரித்துவிடுங்கள். பதினோரு வருடம் அடக்கியது போதும்.

வெறுந்தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வழக்கம். வெங்கடம்மாள் அம்மையார் உள்ளே போய்ப் பழத்தை எடுத்து வைத்துவிட்டு, தட்டில் சர்க்கரையும் இரண்டு முழம் மல்லியும் வைத்துத் தந்தார்கள். கூடவே வெற்றிலையில் மடித்து ஒரு பொட்டலம். "ஏனுங் தம்பி, பழத்துக்கு அடியில இருந்துதுங்க. உங்க கம்பெனிச் சாமானாட்ட இருக்குது. பத்திரமா எடுத்துக்குங்க" என்றார்கள். பிரித்துப் பார்த்தேன். மூன்று வாஷர். என் பட்டறையில், மோட்டாரில் மாட்டுகிற, அரையங்குல இரும்பு வாஷர்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சீர்த்தட்டில் இரும்பு வைத்து உறவில் மூத்தவரை அழைத்தவன் என்று பேர் வாங்கிவிட்டேனே! வீட்டுக்கு வந்தேன். என் துணைவியார் காரமடையிலிருந்து வந்திருந்தார். கூடத்தில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர். அத்தனை பேர் முன்னாலும் பொட்டலத்தை விரித்து, "பழத்தட்டுல வாஷரைப் போட்டு வச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்குதா? என்ற மானத்தை வாங்கவா?" என்று கத்தினேன்.

அவர் வாஷரைப் பார்க்கவே இல்லை. "பழம் எங்கீங்க?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சு."

"அஞ்சுமுங்களா?"

"அஞ்சும்."

"சரிங்க" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் எங்கள் தாய்மொழியான தெலுங்கில் வரும். தெலுங்கில் திட்டினால் சாயங்காலம் காபி உண்டு என்று பொருள். தமிழில், அதுவும் மரியாதையாக 'ங்க' போட்டுப் பேசினால்தான் நான் பயப்பட வேண்டும். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. கூடத்தில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நல்ல நகைச்சுவை கிடைத்துவிட்டது என்று அந்த மூன்று வாஷரையும் பட்டறை மேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவைத்தேன். அன்று தொடங்கி, பதினோரு வருடம், "என் சம்சாரம் சீர்த்தட்டில் வாஷர் வைத்த மகராசி" என்று மேடைதோறும் முழங்கினேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும் முழங்கினேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரித்தேன். அவர் மட்டும் அதன்பிறகு தூரிகையைத் தொடவில்லை. தொடவில்லை என்பதையாவது நான் கவனித்தேனா? மாடி அறை சும்மா கிடக்கிறதே என்று மோட்டார் அட்டைப்பெட்டிகளை அடுக்கினேன்!

புத்தகத்தை மூடிய அன்று மாடிக்குப் போனேன். அறுபது பெட்டிகளை நானே நகர்த்தினேன். சுவரைப் பார்த்துத் திரும்பியபடி அந்தப் படம் இருந்தது. திருப்பினேன். தாம்பாளம் இருந்தது. கசங்கிய துணி இருந்தது. மேசை கொஞ்சம் கோணலாக இருந்தது. பழைய நானாக இருந்தால் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் திருத்தச் சொல்லியிருப்பேன். சாத்துக்குடி இரண்டும் இருந்தன, ஆப்பிள் இருந்தது, ஒரு மாதுளை கிரீடத்தை நம் பக்கம் சாய்த்துக்கொண்டு பேச வருவதாகவே இருந்தது. அந்தச் சாய்வுக்காகத்தான் வாஷர்! ஐந்தாவது இடத்தில், இன்னொரு மாதுளை இருக்க வேண்டிய இடத்தில், வெறும் வெள்ளை வட்டம். அந்த வட்டத்தின் முன்னால் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நம் வீட்டில் ஒருவருக்குச் சாய்க்கத் தெரிந்த கோணம், பிரான்சு நாட்டு மேதைக்குத் தெரிந்த அதே கோணம், என் துணைவியாருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? யாரும் இல்லை. செசான் என்ற பேரையே அவர் கேட்டதில்லை. பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மேதைக்கு ஊர் இருபது வருடம் கதவடைத்தது. இவருக்கு நான் ஒருவனே ஊராக இருந்து கதவடைத்துவிட்டேன். செசானின் தகப்பனாரைப் பற்றிப் படித்தபோது, "என்ன மனிதன் இவன்!" என்று கோபப்பட்டவன் நான். அந்தத் தகப்பனாராவது கடைசிவரை மகனுக்குப் படியளந்தார். நான் பழத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்!

கீழே வந்து கேட்டேன். "ஏன் அம்மணி அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா அதையும் மேடையில சொல்லுவீங்க" என்றார்.

பாருங்கள், இதோ அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் இன்று காலையில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "சொல்றது சொல்றீங்க, நெசத்தச் சொல்லுங்க" என்றார். அந்தப் படத்தை முடிப்பாயா என்று கேட்டேன். "இப்பச் சொல்ல முடியாதுங்க. பேசி முடிங்க, கேட்டுப்போட்டுச் சொல்றேன்" என்றார். ஆகவே சபையோரே, இந்தப் பேச்சுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் தலைவர் அல்லர், நீங்களும் அல்லர். தூணுக்குப் பின்னால் இருக்கிறார்.

மன்னிப்பை வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்று ஒரு தாய் முணுமுணுப்பது கேட்கிறது. கேட்டேன் தாயே. ஆனால் வீட்டிலா நான் அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன்? மேடையில் அல்லவா ஆக்கினேன்! ஒலிபெருக்கி வைத்து அல்லவா ஆக்கினேன்! ஒலிபெருக்கியில் சொன்ன பொய்யை அடுப்படியில் திருத்தினால் போதுமா? இந்த ஊர் அறியச் சொன்னதை இந்த ஊர் அறியத் திரும்பப் பெறுகிறேன். சீர்த்தட்டில் வாஷர் வைத்தவர் அல்லர் என் துணைவியார். ஓவியத்தட்டைச் சீர்த்தட்டு என்று தூக்கிக்கொண்டு ஓடிய மடையன் நான். ரங்கநாயகி ஓர் ஓவியர். ஓவியர்! ஓவியர்! இந்த அரங்கத்தில் அந்தச் சொல்லை மூன்று முறை சொல்லிவிட்டேன்.

தம்பி ரவிக்குமார், அந்த மேசையை முன்னால் தள்ளுங்க. துணியை எடுங்க. பார்த்தீர்களா? அதே பித்தளைத் தாம்பாளம். காலையில் உழவர் சந்தையில் நானே பொறுக்கிய இரண்டு மாதுளை, இரண்டு சாத்துக்குடி, ஓர் ஆப்பிள். இதோ கண்ணாடிக் கிண்ணத்தில் பதினோரு வருடம் கிடந்த அந்த மூன்று வாஷர். அரைமணி நேரம் சாய்த்துப் பார்த்தேன். நான் வைத்தால் பழம் உருண்டு ஓடுகிறது. முப்பத்தைந்து வருடம் மோட்டார் பொருத்தியவனுக்கு ஒரு மாதுளையை நிறுத்தத் தெரியவில்லை.

அம்மணி, பேசி முடித்துவிட்டேன். வாரீங்களா?

...

எழுந்துவிட்டார். யாரும் கைதட்டாதீங்க, தயவுசெய்து. வெங்கடம்மாள் அம்மையாரும் கூட எழுந்து கைப்பிடித்து வருகிறார்கள். தம்பி, படியில் விளக்கு போடுங்க.

சபையோரே, வாஷரை எடுத்துவிட்டார். ஒன்று... ரெண்டு... மாதுளை சாய்கிறது. நிற்கிறது! ஆப்பிளை இந்தப் பக்கம் நகர்த்துகிறார். துணியைக் கசக்குகிறார். தள்ளி நின்று பார்க்கிறார். என்னை ஒதுங்கச் சொல்கிறார், என் நிழல் விழுகிறதாம். ஒதுங்கிவிட்டேனுங்க.

மைக்கில் ஏதோ சொல்ல வேண்டுமாம். சொல்லுங்க அம்மணி.

"பெரியவங்களுக்கு வணக்கமுங்க. இந்தத் தட்டு எங்க ஊட்டு மாடிக்குப் போகுதுங்க. படம் முடியற வரைக்கும் இதை ஆரும் தொடக்கூடாதுங்க. முக்கியமா இவரு."

கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் கையை! கூரை அதிரத் தட்டுங்கள்!

நாளை காலை அறுபது அட்டைப்பெட்டிகளும் கீழே இறங்கும். பத்திரிகை வைக்க எங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்தால், பழம் கடையில் வாங்கியதுதானா என்று தாராளமாகக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என்னை நம்பி மேடை தந்த தலைவருக்கும், ஆளில்லாமல் என்னைப் பிடித்து வந்த ரவிக்குமாருக்கும், பழைய பழத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காத பெரியவர் தம்பதியருக்கும், பதினோரு வருடம் தப்பான இடத்தில் சிரித்து இன்று சரியான இடத்தில் மௌனமாக இருந்த உங்களுக்கும், ஆப்பிள் வரைந்த அந்த எக்ஸ் ஊர்க்காரருக்கும் என் நன்றி. எல்லோரும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போங்க; மேசையில் இருக்கிற பழத்தை மட்டும் விட்டுவிடுங்க. வணக்கமுங்க, போயிட்டு வாரேனுங்க.